மார்கழி மாசமும் மட்டை வண்டியும்

எங்க ஊர்ல பனி பெய்யாது. தூத்துக்குடிப் பக்கம் குளிர்காலம்னா, காலைல முதல் வாளித் தண்ணியைத் தலையில ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் யோசிக்கிறது. அவ்வளவுதான். ஸ்வெட்டர் எல்லாம் ஊட்டிக்கு டூர் போறவங்க வாங்குற சாமான். ஆனாலும் நாங்க சின்ன வயசுல சறுக்கு வண்டி ஓட்டியிருக்கோம், அதுவும் சரியா டிசம்பர் மாசத்துல. பனியில இல்லை, மணல்ல. பலகையில இல்லை, பனை மட்டையில.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கோங்க மக்களே. ஆனா இந்தப் பதிவு அதுக்காக இல்லை. அந்த மட்டை வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கு. சக்கரத்தை விடப் பழைய வரலாறு. அதை எங்கயும் யாரும் எழுதி வெச்ச மாதிரி எனக்குத் தெரியலை. அதான் நானே உக்காந்துட்டேன்.

தேரின்னா என்ன?

தூத்துக்குடின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது துறைமுகம், உப்பளம், மக்ரூன். கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா முத்துக்குளித்துறை. எல்லாமே கடலோரச் சமாச்சாரம். திருச்செந்தூர்லேர்ந்து உடன்குடி, மெஞ்ஞானபுரம் பக்கமா உள்ள வந்தீங்கன்னா வேற உலகம். ரத்தச் சிவப்புல மணல் மேடு மேடா கிடக்கும். அதுக்குப் பேருதான் தேரி. காயாமொழியை ஒட்டி இருக்கிற குதிரைமொழித் தேரி மட்டும் ஏறக்குறைய 12,000 ஏக்கர்னு சொல்லுவாங்க. மணல் ஏன் சிவப்புன்னா, ஒவ்வொரு துகளையும் சுத்தி இரும்பு ஆக்சைடு பூசின மாதிரி ஒட்டியிருக்கு. எளிமையாச் சொன்னா, துருப்பிடிச்ச மணல்.

இந்த மணல் சும்மா கிடக்கிற மணல் இல்லை. ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேல்காத்து அடிக்குமே (முப்பந்தல்ல காத்தாடி சுத்துறதும் அதே காத்துதான்), அது தேரி மணலைத் தூக்கிட்டு வந்து இடம் மாத்திப் போடும். இந்த வருஷம் மேடா இருந்த இடம் அடுத்த வருஷம் பள்ளம். ஆச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "போன லீவுக்கு வந்தப்போ சறுக்கின மேடு எங்கலே போச்சு?"ன்னு தேடுவோம்.

ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு புவியியல் ஆய்வாளர், இந்தியத் தொல்பழங்கால ஆய்வோட முன்னோடி. அவர் 1883-ல மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களோட புவியியல் பத்தி எழுதினதுல தேரியைப் பத்தியும் எழுதியிருக்கார். 1917-ல வந்த பேட் துரையோட திருநெல்வேலி கெசட்டியரும் தேரியை விடலை. 1956-ல ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின்னு ரெண்டு பேர், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் மாதிரியான இடங்கள்ல கிடைச்ச சின்னச் சின்னக் கல் ஆயுதங்களைப் பத்தி ஒரு பெரிய கட்டுரை எழுதினாங்க. விரல்நுனி அளவுக் கல்லு. பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இந்த மேட்டுல உக்காந்து வேட்டைக்கு ஆயுதம் செதுக்கியிருக்காங்க நம்ம ஆளுங்க.

கல்லு கிடைச்சுது, சரி. அந்த ஆளுங்க வேட்டையாடின மிருகத்தை எதுல போட்டு இழுத்துட்டுப் போனாங்க? ஓலையா, கொப்பா, தோலா? அது எதுவும் கிடைக்காது. மக்கிப் போயிருக்கும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவோம்.

வண்டி செய்யுற விதம்

பனை ஓலையைக் கிட்டப் போய்ப் பாக்காதவங்களுக்காக: விசிறி மாதிரி விரிஞ்ச ஓலை, அதைத் தாங்குற நீளமான காம்பு. காம்புக்குப் பேரு மட்டை. மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், அதுக்குப் பேரு கருக்கு. மட்டையோட மேல்பக்கம் வாய்க்கால் மாதிரிக் குழிஞ்சிருக்கும். அடிப்பக்கம் உருண்டையா, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும். யாரோ சறுக்குறதுக்குன்னே டிசைன் பண்ணின மாதிரி.

முதல் மாடல் ரொம்ப எளிது. பச்சை ஓலை ஒண்ணை எடுத்து, கருக்கை அரிவாளால சீவிட்டு, விசிறி மேல சம்மணம் போட்டு உக்காந்து மட்டையைக் கால் நடுவுல பிடிச்சுக்கணும். மேட்டு உச்சியிலேர்ந்து ஒருத்தன் தள்ளிவிடுவான். சமதரையில ஒருத்தன் மட்டையைப் பிடிச்சு இழுப்பான், ஒருத்தன் உக்காருவான். இழுக்கிறவன் எப்பவும் வயசுல சின்னவன், உக்கார்றவன் எப்பவும் பெரியவன். (நான் கடைக்குட்டி. கணக்கு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.) கருக்கைச் சரியா சீவலைன்னா தொடையில கோடு விழும். எங்க செட்டுல அந்தக் கோடு இல்லாத ஆளே கிடையாது.

ரெண்டாவது மாடல் பெரியப்பா மகன் அண்ணனோடது. ரெண்டு மட்டையை மட்டும் வெட்டி, வழுவழு பக்கம் தரையில படுற மாதிரி ஒரு முழ இடைவெளியில பக்கத்துல பக்கத்துல வெச்சு, குறுக்க மூணு துண்டு மட்டையை நாரால இறுக்கிக் கட்டி, மேல பழைய கடவத்தோட அடிப்பகுதியைப் போட்டார். ரெண்டு பேர் உக்காரலாம். அப்போ எங்களுக்குத் தெரியாது, அமெரிக்காக்காரன் படத்துல எல்லாம் வர்ற சறுக்கு வண்டி இதே அமைப்புதான்னு: கீழே ரெண்டு சட்டம், மேல ஒரு பலகை.

இதுல ஒரு வேடிக்கை. காஞ்ச மணல்ல அண்ணனோட வண்டி நகரவே நகராது. ஒல்லியான ரெண்டு மட்டையும் உழுத மாதிரி மணலுக்குள்ள இறங்கிடும். அப்போ எங்க ஓலை வண்டிதான் ராஜா. ஆனா மழை விட்ட மறுநாள் அண்ணன் வண்டி பறக்கும். பனி நாட்டுலயும் இதே கதைதானாம். கனடாவோட பூர்வகுடிங்க ஆழமான பொதபொதப் பனிக்குன்னு அடி தட்டையான 'டொபாகன்' வெச்சிருந்தாங்க. இறுகின பனிக்கும் ஐசுக்கும் சட்டம் வெச்ச வண்டி. அவங்களுக்குப் பனி சொல்லிக் கொடுத்த பாடத்தை எங்களுக்குத் தேரி சொல்லிக் கொடுத்திருக்கு.

ஏன் மார்கழி?

வெயில் காலத்துல தேரியில கால் வைக்க முடியாது, கொப்புளம் போட்டுரும். ஆடியில காத்து, கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ஞ்சு மார்கழி பிறக்கும்போதுதான் மணல் நல்லா ஈரமா, இறுக்கமா இருக்கும். அரையாண்டுப் பரிட்சை லீவும் அப்போதான் விடுவாங்க. பனங்கிழங்கு அவிக்கிற சீசனும் தொடங்கியிருக்கும்.

மார்கழி முதல் தேதியை ஒட்டி தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும். சுத்துவட்டாரமே திரளும். கள்ளர்வெட்டு நடந்த இடத்து மணலை அள்ளி வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துட்டுப் போவாங்க. பெரியவங்களுக்கு அது சாமி மணல். எங்களுக்கு அது சறுக்கல் சீசன் தொடங்கிருச்சுங்கிறதுக்கு மணி அடிச்ச மாதிரி.

"மழை விட்டு ஒரு வெயில் காயட்டும், அப்புறம் போங்கலே" - இது ஆச்சி சொல்றது. மழை பெஞ்ச உடனே போனா ஓலை ஒட்டிக்கிட்டு நகராது. ரொம்பக் காஞ்சாலும் நகராது. நடுவுல ஒரு நாள் ரெண்டு நாள்தான் சரியான பதம். ஏதோ கிழவி பேச்சுன்னு நினைச்சிருந்தேன். இஞ்சினியரிங் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த அப்புறம் ஒருநாள் எகிப்து பத்திப் படிக்கப் போய் அப்படியே உக்காந்துட்டேன்.

எகிப்துல ஜெஹுதிஹோட்டெப்னு ஒரு அதிகாரியோட கல்லறை இருக்கு. சுமார் கி.மு. 1900. அதுல ஒரு ஓவியம்: மாபெரும் சிலை ஒண்ணை மரச் சறுக்கு வண்டியில ஏத்தி, வரிசை வரிசையா ஆளுங்க கயிறு கட்டி இழுக்கிறாங்க. வண்டியோட முன்பக்கம் ஒருத்தன் நின்னு மணல்ல தண்ணி ஊத்துறான். ரொம்ப நாளா அதை ஏதோ சடங்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2014-ல ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியல்காரங்க சோதனை செஞ்சு பாத்தாங்க. காஞ்ச மணல்ல இழுத்தா வண்டிக்கு முன்னாடி மணல் குவிஞ்சு மறிக்கும். சரியான அளவு ஈரம் இருந்தா துகளுக்கும் துகளுக்கும் நடுவுல தண்ணி பாலம் மாதிரி பிடிச்சுக்கும், மணல் இறுகிடும், இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிடும். தண்ணி அதிகமாப் போனா மறுபடி இழுக்கக் கஷ்டம்.

அதாவது, ஆச்சியோட 'ஒரு வெயில்' கணக்கு.

சக்கரத்துக்கு முந்தி

சறுக்கு வண்டி சக்கரத்தை விட மூத்தது. ஃபின்லாந்துல ஹெய்னோலாங்கிற இடத்துல கிடைச்ச மரச் சட்டத்துக்கு ஏறக்குறைய 10,000 வயசு. சக்கரம் வந்து அஞ்சாயிரத்துச் சொச்சம் வருஷம்தான் ஆகுது. சுமேரியாவோட உருக் நகரத்துக் களிமண் பலகைகள்ல ஒரு பட எழுத்து இருக்கு: சறுக்கு வண்டி. பக்கத்துலயே இன்னொரு எழுத்து: அதே சறுக்கு வண்டி, கீழே ரெண்டு வட்டம். மனுஷன் சக்கர வண்டியைப் புதுசா யோசிக்கலை. இருந்த சறுக்கு வண்டிக்கு வட்டம் மாட்டினான். இன்னிக்கு நாங்க 'பழைய கோடைத் தொடாதே, மேல ஒரு லேயர் போடு'ன்னு செய்யுற அதே வேலை :-)

நம்ம பக்கம் சறுக்கு வண்டி இல்லையான்னா, தாமிரபரணி வயலுக்குப் போங்க. ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிசான நடவுக்கு முன்னாடி சேத்தைச் சமப்படுத்த மாட்டுல கட்டி இழுத்தாங்களே, பரம்பு. அது சறுக்கு வண்டி இல்லாம வேற என்ன? பாரம் வேணும்னு பிள்ளைங்களை மேல உக்கார வைப்பாங்க. என் அப்பா சின்ன வயசுல பரம்புல உக்காந்து போனதை இப்பவும் ஏரோப்ளேன்ல போன மாதிரி சொல்லுவார். டிராக்டர் வந்து மாடு போச்சு, மாட்டோட சேர்ந்து பிள்ளைங்க சவாரியும் போச்சு.

தேரியில சக்கரம் எடுபடவே இல்லை. மாட்டுவண்டி அச்சு வரைக்கும் புதையும். இந்த மண்ணுல சக்கரம் ஓடணும்னா தண்டவாளம் போட வேண்டியிருந்துச்சு, நிஜமாவே போட்டாங்க. 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல பாரி கம்பெனியைச் சேர்ந்தவங்க குலசேகரன்பட்டினத்துல சர்க்கரை ஆலை நடத்தினாங்க. கரும்பு இல்லை, மூலப்பொருள் நம்ம பனங்கருப்பட்டி. அதுக்காகத் திருச்செந்தூர்லேர்ந்து குலசை வழியா திசையன்விளை வரைக்கும் ரெண்டடி அகலத்துல குட்டி ரயில் ஓடுச்சு. 1940-ல நின்னு போச்சு.

ரயிலுக்கும் முந்தி, ரயிலுக்குப் பிந்தியும், தேரியில சாமான் எப்படி நகர்ந்துச்சு? இதை ஆச்சிகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சாங்க.

"நீங்க விளையாடினதுதான் ராசா. நாங்க அதுல பொழச்சோம்."

தாத்தா பனையேறி. சீசனுக்கு முன்னாடி பனையைக் கழிச்சு விடும்போது விழுற ஓலையை எல்லாம் பொம்பளைங்கதான் மேட்டுலேர்ந்து கீழ விடிலிக்குக் கொண்டு வரணும். விடிலிங்கிறது பதனி காய்ச்சுற குடிசை. அடுப்பெரிக்க ஓலையும் விறகும் மலை மாதிரி வேணும். கட்டைத் தலையில தூக்கிட்டு நடந்தா கணுக்கால் வரைக்கும் புதையும். அதனால பெரிய பச்சை ஓலை ஒண்ணைக் கீழ விரிச்சு, மேல கட்டை ஏத்தி, மட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவாங்களாம். கட்டு மேல கைப்பிள்ளையை உக்கார வைக்கிறதும் உண்டு. அப்படி உக்காந்து வந்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் எங்க பெரியப்பா.

இப்ப யோசிச்சா புரியுது. நாங்க ஒண்ணும் கண்டுபிடிக்கலை. அம்மாமாருங்க வேலைக்கு வெச்சிருந்த வண்டி. வேலை நின்னு போனதும் பிள்ளைங்க கையில விளையாட்டா மிச்சமிருந்துச்சு. வில்லு, கவண் எல்லாம் அப்படித்தானே.

எது மிஞ்சும்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆன்சைட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். குளிர்னா அதுதான் குளிர். பழைய சாமான் கடை ஒண்ணுல மரச் சறுக்கு வண்டி ஒண்ணு தொங்குச்சு. பேரு 'ஃப்ளெக்சிபிள் ஃப்ளையர்'. 1889-ல சாமுவேல் ஆலன்னு ஒருத்தர் காப்புரிமை வாங்கினது. அவர் விவசாயக் கருவி செய்யுறவர். குளிர்காலத்துல கருவி விக்காது, ஆளுங்களுக்கு வேலை வேணும்னு சறுக்கு வண்டி செய்ய ஆரம்பிச்சார். இரும்புச் சட்டம், வளைச்சுத் திருப்புற கட்டை, மேல கழுகுப் படம். அங்க தாத்தாமாருங்க அதைப் பாத்தா கண்ணு கலங்குறாங்க. சேகரிக்கிறவங்க இருக்காங்க, புத்தகம் இருக்கு, எந்த வருஷத்து மாடல்னு கண்டுபிடிக்கப் பட்டியல் இருக்கு.

எங்க மட்டை வண்டிக்கு என்ன இருக்கு? சீசன் முடிஞ்சா அது அடுப்புக்குப் போகும். கருப்பட்டியாகி யாரோ ஒருத்தர் காப்பியில கரையும். ஒண்ணு கூட மிஞ்சாது.

ராணியோட வண்டிக்கே அந்தக் கதிதான். ஊர் நகரத்துல (ஆமாங்க, ஈராக்ல இருந்த அந்தப் பழைய நகரத்தோட பேரே ஊர்தான்) புஅபி ராணியோட கல்லறையை லெனார்ட் வூலி 1920-கள்ல தோண்டினப்போ ஒரு சறுக்கு வண்டி கிடைச்சுது. மரம் மக்கிப் போச்சு. அதுல பதிச்சிருந்த அலங்காரங்கள் கிடந்த கிடையை வெச்சுத்தான் அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே கண்டுபிடிச்சாங்க. தங்கம் பதிச்சதால ராணி வண்டிக்கு வரலாறு கிடைச்சுது. ஓலை இழுத்த பொம்பளைங்க வண்டியில தங்கத்துக்கு எங்க போறது? 1956 கட்டுரையில கல்லு மட்டும் இருக்கிறதும் இதே காரணம்தான். வரலாறுன்னு நாம படிக்கிறதுல பாதி, மக்காத சாமானோட வரலாறு.

இன்னிக்குத் தேரி மாறிப்போச்சு. மணல் ஊருக்குள்ள வராம இருக்க வனத்துறை மரம் நட்டு, கொல்லாமரமும் உடையும் மத்ததுமா இப்போ பல இடம் காடு. அதைக் குறை சொல்ல மாட்டேன். வயலை மணல் மூடுறதைப் பாத்தவங்களுக்குத்தான் அந்த மரத்தோட அருமை தெரியும். ஆனா மேடு நகராது, வெறும் சரிவும் குறைவு. பனையேற ஆள் குறைஞ்சாச்சு. 2021 வேளாண் பட்ஜெட்டுல, பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். மரத்தைக் காப்பாத்த ஆணை போடலாம், ஏறுற காலுக்கு என்ன ஆணை போடுறது? 2024 பிப்ரவரியில குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. எங்க பக்கத்துலேர்ந்து ராக்கெட் போறதுல எனக்குப் பெருமைதான். ராக்கெட்டுக்கு ஒவ்வொரு திருகுக்கும் டாகுமென்ட் இருக்கும். மட்டை வண்டிக்கும் ஒரு பக்கமாவது இருக்கட்டுமே.

எங்க தமிழே ஓலையில இருந்ததுதானே. அந்த ஓலை அழியாம வந்தது அது உறுதியானதால இல்லை. மக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் புது ஓலையில பாத்து எழுதி வெச்சதால. கடைசியா உ.வே.சா. மாதிரி ஆளுங்க அச்சுல ஏத்தினதால. சிந்தாமணிக்கு 1887-ல அச்சுப் புத்தகம் கிடைச்சுது. அதுக்கு இணைன்னு சொல்ல வரலை, ஆனா இதுவும் ஓலைதான். பேக்கப் எடுக்கணும்.

அதனால இதோ, ஆச்சியும் அண்ணனும் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்ட செய்முறை:

1. ஓலை பச்சையா இருக்கணும். காஞ்சது வெடிக்கும், நுனி மடங்கி மணலைக் குத்தும்.
2. கருக்கை ரெண்டு பக்கமும் அடியோட சீவணும். அரிவாள் பெரியவங்க கையில மட்டும்.
3. விசிறியோட நுனியை ஒரு சாண் வெட்டி விடணும். உக்கார்றவன் மட்டை பிரியுற இடத்துல உக்காரணும், பின்னாடி சாயக்கூடாது.
4. ரெண்டு மட்டை வண்டின்னா வழுவழு பக்கம் கீழே. கட்டுறது நார்தான். பிளாஸ்டிக் கயிறு உராய்ஞ்சு அறுந்துரும்.
5. மழை விட்டு ஒரு வெயில்.

தென்னை மட்டையில தார் ரோட்டுல போனவங்க, கன்னியாகுமரிப் பக்கம் கமுகம் பாளையில உக்காந்து இழுபட்டவங்க, பரம்புல சவாரி செஞ்சவங்க, யூரியா சாக்குல கம்மாய்க் கரையில சறுக்கினவங்க எல்லாரும் அவங்கவங்க பதிவுல இதே மாதிரி எழுதுங்க அண்ணாச்சிமாரே, அக்காமாரே. உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு, எந்த மாசம், எதுல கட்டினீங்க - இந்த மூணையும் மறக்காம எழுதுங்க. வீட்டுல ஆச்சி, தாத்தா இருந்தா முதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டு எழுதுங்க. எங்க ஆச்சிக்கு இந்தப் பொங்கலோட எண்பத்து மூணு.

டிஸ்கி: ரெண்டு மட்டை வண்டி கட்டின அண்ணன் இப்போ துறைமுகத்துல கன்டெய்னர் லாரி ஓட்டுறார். பதினெட்டுச் சக்கரம். "எதுலண்ணே ஓட்ட சுகம்?"னு கேட்டேன். "லாரிக்கு பிரேக் இருக்குலே, அதுல என்ன சுகம்"னுட்டார்.